காடைக் கூட்டத்தில் நோய் பரவும்போது: மருந்துக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வீட்டில் பத்து இருபது காடை வளர்ப்பவர், "நேற்று ஒன்று செத்துப்போச்சு, இன்றைக்கு இரண்டு தலையைத் தொங்கப்போட்டு நிற்குது" என்று சொன்னால், அடுத்து அவர் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: என்ன மருந்து கொடுக்கலாம்? இயல்பான கேள்வி. ஆனால் அதற்குச் சரியான பதில் கிடைக்க ஒன்றிரண்டு நாளாவது ஆகும். அதுவரை நோய் காத்திருக்காது. எச்சத்திலிருந்து காலுக்கும், காலிலிருந்து தீவனத்துக்கும், ஒரே தண்ணீர்க் கிண்ணத்தில் ஓர் அலகிலிருந்து இன்னோர் அலகுக்கும் போய்க்கொண்டே இருக்கும். நோயின் பெயர் தெரியாமலேயே இந்தப் போக்கை மறிக்க முடியும். காடை வளர்ப்பில் புதிதாக இறங்குபவர் முதலில் கற்க வேண்டியது இதைத்தான் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் இந்தக் கட்டுரையில் மருந்துப் பெயர்களைத் தேடாதீர்கள். நோய் எப்படி வருகிறது, எப்படி நகர்கிறது, எங்கே அதை மடக்கலாம் என்பதைத்தான் பார்க்கப்போகிறோம்.

காடை என்று இங்கே சொல்வது ஜப்பானியக் காடையை. முட்டைக்கும் இறைச்சிக்கும் வீடுகளில் அதிகம் வளர்ப்பது அதுதான். பாப்வைட் என்ற வேறு வகைக் காடை சில நோய்களில் இதைவிட மிகச் சீக்கிரம் விழுந்துவிடும். அந்த இடங்களில் தனியாகச் சொல்கிறேன்.

எல்லாச் சாவும் தொற்றாகாது

ஒரு கிருமி உடலுக்குள் புகுந்து நோய் உண்டாக்குவது வேறு, அந்த நோய் ஒரு பறவையிடமிருந்து அடுத்த பறவைக்குப் போவது வேறு. ஈரமான கூளத்திலும் பூசணம் பிடித்த தீவனத்திலும் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை வளரும். அதன் வித்துகளை மூச்சில் இழுக்கும் குஞ்சுகளுக்கு நுரையீரல் கெட்டு, வாயைப் பிளந்து மூச்சு வாங்கிச் சாகும். பத்துக் குஞ்சு செத்தாலும் ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்கு அது ஒட்டவில்லை. எல்லாம் ஒரே கூளத்தைச் சுவாசித்தன, அவ்வளவுதான். அங்கே சீக்குக் குஞ்சைப் பிரித்து வைப்பதால் மற்றவை தப்பாது. கூளத்தை அள்ளி வெளியே போட வேண்டும்.

தண்ணீர் வரும் நிப்பிள் அடைத்துக்கொண்டது, நடுப்பகலில் கூண்டுக்குள் காற்றோட்டம் நின்றுபோனது, குஞ்சுகளைச் சூட்டில் வைக்கும் புரூடரில் சூடு குறைந்து அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கியது, சேவல் காடைகள் கொத்தி மண்டையில் காயப்படுத்தியது என்று தொற்றில்லாத காரணங்கள் நிறைய உண்டு. இவற்றைத் தொற்றிலிருந்து பிரித்தறிய நாள் கணக்கு உதவும். ஒரே நாளில் பல பறவைகள் விழுந்து அதோடு நின்றுவிட்டால் முதலில் தண்ணீரையும் சூட்டையும் தீவனத்தையும் பாருங்கள். இன்று ஒன்று, நாளை இரண்டு, மறுநாள் ஐந்து, அதுவும் பக்கத்துப் பக்கத்துக் கூண்டுகளில் என்றால் தொற்று என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கடுமையான பறவைக் காய்ச்சல் மட்டும் இந்தக் கணக்கில் அடங்காது. அது ஓரிரு நாளிலேயே கூட்டத்தைச் சாய்த்துவிடக் கூடியது. ஆகவே காரணம் தெரியாமல் திடீரென்று பல சாவு நேர்ந்தால், காத்திருந்து பார்க்காமல் கால்நடை மருத்துவருக்கு உடனே சொல்லிவிட வேண்டும்.

காடையைப் பார்க்கும் விதம்

காடை மற்ற விலங்குகளுக்கு இரையாகும் பறவை. பலவீனத்தைக் காட்டினால் பிடிபடுவோம் என்பது அதன் ரத்தத்தில் ஊறியது. உள்ளே நோய் முற்றிக்கொண்டிருக்கும்போதும், நீங்கள் கூண்டருகே போனதும் நிமிர்ந்து நின்று தீவனத்தைக் கொத்துவது போலப் பாவனை செய்யும். இறகைச் சிலிர்த்துக் கூனி உட்கார்ந்து கண்ணை மூடுகிற நிலைக்கு வந்துவிட்டால், நோய் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த இடைவெளியில் அது போட்ட எச்சம் கூண்டெங்கும் மிதிபட்டிருக்கும்.

அதனால் சற்றுத் தள்ளி நின்று, அவை உங்களைக் கவனிக்காத நேரத்தில் பாருங்கள். தீவனம் போட்டவுடன் ஓடி வராமல் ஓரத்தில் நிற்பது எது? இறக்கை லேசாகத் தொங்குகிறதா? ஆசனவாய்ப் பக்கத்து இறகு நனைந்து ஒட்டியிருக்கிறதா? இரவில் விளக்கை அணைத்துவிட்டு, அவை அடங்கிய பிறகு கூண்டருகே கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் நில்லுங்கள். நல்ல கூட்டம் அமைதியாக இருக்கும். மூச்சுக்குழாயில் சளி கட்டிய பறவை இருந்தால் கொரகொரவென்ற சத்தமும், இடையிடையே சின்னத் தும்மலும் கேட்கும். பகலில் கூவலுக்கும் தீவனச் சத்தத்துக்கும் நடுவே இது காதில் விழாது. சந்தேகம் வந்தால் பறவையைக் கையில் எடுத்து மார்பெலும்பைத் தடவிப் பாருங்கள். இருபுறமும் சதை நிறைந்திருந்தால் நோய் புதிது. எலும்பு மட்டும் துருத்திக்கொண்டு நின்றால் பல நாளாகத் தின்னாமல் இளைத்திருக்கிறது.

தீவனமும் தண்ணீரும் பேசும். வளர்ந்த காடை ஒரு நாளைக்குச் சுமார் 20 முதல் 30 கிராம் வரை தீவனம் தின்னும், அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு தண்ணீர் குடிக்கும். வழக்கமாகக் காலியாகும் தட்டில் மிச்சம் கிடந்தால், பறவை எதுவும் சுணங்கித் தெரியாவிட்டாலும் அன்றைக்குக் கூடுதல் கவனம் வேண்டும். முட்டை எண்ணிக்கை சட்டென்று குறைவதும் அப்படித்தான்.

இனி, புதியவர்களைத் தேவையில்லாமல் பயமுறுத்தும் இரண்டு விஷயங்கள். சேவல் காடையின் ஆசனவாய்க்கு மேலே ஒரு சுரப்பி உண்டு. அதை அழுத்தினால் சவர நுரை போல வெள்ளை நுரை வரும். எச்சத்தின் மேலும் அந்த நுரை கிடக்கும். அது இனப்பெருக்கப் பருவத்தில் இருக்கும் ஆரோக்கியமான சேவல் என்பதற்கு அடையாளம், கழிச்சல் கிடையாது. இன்னொன்று, வழக்கமான எச்சம் கெட்டியாக, ஒரு முனையில் வெள்ளையோடு இருக்கும். நாளில் சில முறை மட்டும் பழுப்பு நிறத்தில் கூழாக, கடும் நாற்றத்தோடு ஒன்று விழும். அது குடல்முனைப் பைகளிலிருந்து வருவது. அதுவும் இயல்புதான். எல்லா எச்சமும் நீர்த்துப்போவதோ, வெள்ளை நீராகவோ ரத்தம் கலந்தோ போவதோதான் கவலைப்பட வேண்டியது.

நோய் நடக்கும் வழிகள்

முதல் வழி எச்சம். குடலைத் தாக்கும் கிருமிகள் எச்சத்தில் வெளியேறி, அது பட்ட தீவனத்தையும் தண்ணீரையும் இன்னொரு பறவை உண்ணும்போது உள்ளே போகும். காடை தரையைக் கொத்திக்கொண்டே இருக்கும் பறவை, தீவனத் தட்டுக்குள் ஏறி நின்று கிளறும் பழக்கமும் உண்டு. தட்டு திறந்திருந்தால் எச்சமும் தீவனமும் கலந்துவிடும். அடுக்குக் கூண்டு வைத்திருப்பவர்கள் மேல்தட்டின் எச்சம் கீழ்த்தட்டில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். எச்சத் தட்டு இருந்தாலும், அதை இழுத்துக் கொட்டும்போது சிந்துவது கீழே இருக்கும் பறவையின் முதுகில்தான்.

இரண்டாவது, மூச்சு. தும்மலில் தெறிக்கும் துளியும் தூசியும் அடுத்தடுத்த கூண்டுகளுக்குச் சுலபமாகப் போகும். மூக்குச் சளி தண்ணீர்க் கிண்ணத்தில் கலப்பதும் இதில் சேர்த்தி. நிப்பிள் தண்ணீர் அமைப்பு திறந்த கிண்ணத்தைவிட நல்லது என்று சொல்வது இதனால்தான்.

மூன்றாவது, முட்டை. மூச்சு நோய் தரும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவும், குஞ்சுகளை வெள்ளையாகக் கழியவைத்துக் கொல்லும் சால்மொனெல்லா புல்லோரம் என்ற பாக்டீரியாவும் தாயிடமிருந்து முட்டைக்குள்ளேயே குஞ்சுக்குப் போகக்கூடியவை. நோய் கண்ட கூட்டத்தின் முட்டையைப் பொரிக்க வைத்தால் நோயையும் சேர்த்துப் பொரிக்கிறோம்.

ஈ, கொசு, எலி, சிட்டுக்குருவி, கோழி என்று மற்ற உயிர்கள் நான்காவது வழி. கோழியையும் காடையையும் ஒரே கூண்டிலோ ஒரே தரையிலோ வளர்க்காதீர்கள் என்பதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லத் தயார். கோழி தனக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமல் சுமக்கும் கிருமி, காடைக் கூட்டத்தைத் தீர்த்துவிடலாம். காடையிடமிருந்து கோழிக்குப் போவதும் நடக்கும். வெள்ளைக்கழிச்சல் அல்லது ராணிக்கெட் எனப்படும் நோயின் வைரஸைக் காடை கோழியைவிட நன்றாகத் தாங்கும். தாங்குவதால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது; பார்க்க நன்றாக இருந்துகொண்டே வைரஸை வெளியேற்றும்.

ஐந்தாவது வழி நாம். செருப்பு, கை, உடை, தீவனக் கரண்டி, மற்றவரிடம் வாங்கிய அட்டை முட்டைத் தட்டு, இரவல் வாங்கிய கூண்டு. சிறிய கூட்டத்துக்குள் நோய் நுழையும் கதைகளைக் கேட்டுப் பார்த்தால், புதிதாக வாங்கிய பறவையோ, வேறொரு கூட்டத்தைத் தொட்ட மனிதரோ அதில் இருப்பார்கள். பிளாஸ்டிக் தட்டைக் கழுவலாம். அட்டைத் தட்டைக் கழுவ முடியாது, அதனால் ஒருமுறை பயன்படுத்தியதைக் கூண்டுப் பக்கமே கொண்டுவராமல் இருப்பது நல்லது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கருத்து இருக்கிறது. நோயிலிருந்து தேறிய பறவை எல்லாம் கிருமி நீங்கிய பறவை இல்லை. பல நோய்களில் பறவை நன்றாகத் தின்று, முட்டையும் இட்டுக்கொண்டு, கிருமியை மாதக்கணக்கில் சுமக்கும். மைக்கோபிளாஸ்மா வந்த பறவை ஆயுள் முழுக்கச் சுமக்கலாம். "மருந்து கொடுத்தேன், சரியாகிவிட்டது, மூன்று மாதம் கழித்துப் புதுக் குஞ்சு விட்டேன், எல்லாம் செத்துப்போனது" என்று சொல்பவர்களின் புதிருக்குப் பெரும்பாலும் விடை இதுதான்.

அடிக்கடி சந்திக்கும் நோய்கள்

காடைக்கென்றே பெயர்பெற்ற நோய் குடல் புண் நோய். ஆங்கிலத்தில் இதைக் காடை நோய் என்றே அழைப்பதுண்டு. காரணம் கிளாஸ்ட்ரிடியம் கோலினம் என்ற பாக்டீரியா. நோயுற்ற பறவையின் எச்சத்தில் வெளியேறும், ஈக்களும் பரப்பும். கடுமையாகத் தாக்கும்போது முன் அடையாளமே இருக்காது. சதைப்பிடிப்போடு, தீவனப்பை நிறைந்த நிலையில் பறவை செத்துக் கிடக்கும். கொஞ்சம் தாக்குப்பிடிப்பவை கூனி, கண் பாதி மூடி, வெள்ளை நீராகக் கழிந்து, வேகமாக இளைக்கும். இளம் பாப்வைட் காடைக் கூட்டத்தில் சில நாட்களில் ஒன்றுகூட மிஞ்சாமல் போகலாம். செத்த பறவையைக் கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்தால் குடலில் வட்ட வட்டமாக மஞ்சள் நிறப் புண்கள் தெரியும். சில இடங்களில் புண் குடலைத் துளைத்தே போயிருக்கும். ஈரலில் மஞ்சளும் சாம்பலுமாகத் திட்டுகள் இருக்கும். இந்த பாக்டீரியாவுக்கு ஏற்ற ஆன்டிபயாடிக் உண்டு, தொடக்கத்திலேயே கொடுத்தால் பலன் தரும். சிக்கல் என்னவென்றால் இது வித்து உண்டாக்கும் வகை. வித்து நிலையில் வெயில், உறைகுளிர், பல கிருமிநாசினிகள் எல்லாவற்றையும் தாங்கி மண்ணில் நெடுங்காலம் கிடக்கும். ஒருமுறை வந்த தரையில் மறுபடி காடையை மேயவிடுவது, நோயைத் திரும்ப அழைப்பதுதான். கம்பி வலைத் தரையுள்ள கூண்டில், எச்சம் கீழே விழுந்து பறவையின் எட்டாத தூரத்துக்குப் போய்விடும்படி வளர்ப்பதே இதற்கு முக்கியமான தடுப்பு.

ரத்தக்கழிச்சல் அல்லது காக்சிடியோசிஸ், ஐமீரியா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணியால் வருவது. பெயர்தான் ரத்தக்கழிச்சல், ரத்தமே தெரியாமல் வெறும் தண்ணீர்க் கழிச்சலோடும் இளைப்போடும் வருவது உண்டு. இந்த ஒட்டுண்ணியின் வாழ்க்கையில் நமக்குச் சாதகமான ஒரு விஷயம் இருக்கிறது. எச்சத்தில் வெளிவரும் அதன் முட்டை போன்ற உறை உடனே தொற்றாது. சூடும் ஈரமும் காற்றும் சேர்ந்த இடத்தில் ஒன்றிரண்டு நாள் கிடந்து பக்குவப்பட்ட பிறகுதான் தொற்றும் தன்மை பெறும். ஆகவே தினமும் எச்சத்தை அகற்றி, தண்ணீர் சிந்தும் இடத்தைக் காய்ந்த நிலையில் வைத்திருந்தாலே சங்கிலி பெரும்பாலும் அறுந்துவிடும். பிளீச்சிங் கரைசல் இதைக் கொல்லாது; நன்றாகக் காயவைப்பதும் கொதிநீரும்தான் ஓரளவு கைகொடுக்கும். இன்னொரு நல்ல செய்தி, கோழிக்கு வரும் ஐமீரியா காடைக்கு வராது. ஒவ்வொரு பறவையினத்துக்கும் தனி வகை.

மூச்சு நோய்களில் அடிக்கடி வருபவை மைக்கோபிளாஸ்மாவும், கொரைசா என்ற பாக்டீரியாச் சளி நோயும். கண்ணில் நுரை, கண்ணுக்குக் கீழே வீக்கம், மூக்கில் ஒழுகல், முகம் உப்புவது, கொரகொர மூச்சு இவற்றின் அடையாளங்கள். கொரைசாவில் நாற்றமடிக்கும் சளியும் இருக்கும், ஒன்று முதல் மூன்று நாளுக்குள் அடுத்த பறவையில் தெரிந்துவிடும். மைக்கோபிளாஸ்மா மெதுவாக வரும், வாரக்கணக்கில் இழுக்கும். இரண்டிலும் ஆன்டிபயாடிக் கொடுத்தால் வீக்கம் வடியும். நிறுத்தியதும் சில பறவைகளில் திரும்ப வரும். காடை மூச்சுக்குழல் அழற்சி என்று ஒரு வைரஸ் நோயும் உண்டு. ஆறு வாரத்துக்குட்பட்ட பாப்வைட் குஞ்சுகளை அது வேகமாகக் கொல்லும், ஜப்பானியக் காடையில் அவ்வளவு கடுமை காட்டாது.

அம்மை கொசு வழியாக வரும். முகத்திலும் காலிலும் இறகில்லாத இடங்களில் கொப்புளம் வந்து பொருக்கு தட்டும். சில வாரத்தில் தானே ஆறிவிடும். வாய்க்குள் வெள்ளைப் படலமாக வந்தால்தான் ஆபத்து.

பறவைக் காய்ச்சல் தனி வகை. காட்டு வாத்துகள் போன்ற நீர்ப்பறவைகளிடமிருந்து வருவது. காடையின் மூச்சுக்குழாயில் பறவை வைரஸும் மனித வைரஸும் ஒட்டிக்கொள்ளத் தேவையான இரு வகை ஏற்பிகளும் இருப்பதால், விஞ்ஞானிகள் காடையை நீண்ட நாளாகக் கவனித்து வருகிறார்கள். 1997-இல் ஹாங்காங்கில் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் 18 பேருக்குத் தொற்றி 6 பேர் இறந்தார்கள். அந்த வைரஸின் உள்மரபணுக்களோடு நெருங்கிய உறவுள்ள இன்னொரு வைரஸ் அங்கே காடைகளில் கண்டறியப்பட்டது. 2002-இல் அங்கே உயிர்ப் பறவைச் சந்தைகளிலிருந்து காடையை விலக்கினார்கள். வீட்டில் வளர்ப்பவருக்கு இதிலிருந்து தேவையானது இவ்வளவுதான்: திடீர்ச் சாவு, தலை வீக்கம், கழுத்து முறுக்கல், நடுக்கம் என்று கண்டால் வெறுங்கையால் தொடாதீர்கள், முகக்கவசம் போடுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள், அறுத்து உண்ண நினைக்காதீர்கள். பல நாடுகளில் பறவைக் காய்ச்சலையும் ராணிக்கெட்டையும் அரசுக்குத் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம். தெரிவித்தால் கூட்டம் போய்விடுமே என்று மறைக்கத் தோன்றும். மறைத்தாலும் அந்தக் கூட்டம் தப்புவது அரிது. பக்கத்தில் இருப்பவர்களின் பறவைகளும் சேர்ந்து போகும்.

முதல் பறவை சுணங்கிய அன்று

அதை உடனே எடுத்து வேறிடத்தில் வையுங்கள். பக்கத்துக் கூண்டு வேறிடம் ஆகாது. காற்றும் ஈயும் எச்சமும் போகாத தூரம் வேண்டும். குஞ்சு புரூடர் இருக்கும் அறையும் வேண்டாம். சுகமில்லாத காடையால் உடல் சூட்டைத் தக்கவைக்க முடியாது, அதனால் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் சுமார் 30 டிகிரி சூடு கிடைக்கும்படி செய்து, மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் விடுங்கள். தண்ணீரும் தீவனமும் எட்டும் உயரத்தில் இருக்கட்டும். தரையில் வெள்ளைத் தாளை விரித்தால் எச்சம் எப்படிப் போகிறது என்று தெளிவாகத் தெரியும். மருத்துவரிடம் காட்டவும் அது உதவும்.

அப்புறம், மீதிக் கூட்டம். இங்கேதான் பலருக்குச் சிந்தனை தடுமாறும். சீக்குப் பறவையைப் பிரித்ததும், மிச்சமிருப்பவை எல்லாம் நல்லவை என்று மனம் முடிவுகட்டிவிடும். அப்படி இல்லை. அதே கூண்டில் அதே தண்ணீரைக் குடித்த ஒவ்வொன்றும் கிருமியை வாங்கியிருக்கலாம், அடையாளம் மட்டும் இன்னும் வெளியே வரவில்லை. பிரித்துவைத்த பறவையோடு சேர்த்து, மொத்தக் கூட்டமும் தனிமையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டிலிருந்து பறவையோ முட்டையோ தட்டோ கூண்டோ வெளியே போகக் கூடாது. "நல்லா இருக்கிற நாலு காடையையாவது தெரிந்தவர் வீட்டில் விட்டுக் காப்பாத்தலாம்" என்ற எண்ணம் நல்ல மனதில் வருவதுதான். ஆனால் ஒரு வீட்டு நோய் இரண்டு வீட்டு நோயாவது பெரும்பாலும் அப்படித்தான்.

அன்றைக்கே தண்ணீர்ப் பாத்திரங்களையும் தீவனத் தட்டுகளையும் எடுத்துச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினியில் ஊறவையுங்கள். வரிசை முக்கியம். எச்சமும் அழுக்கும் இருக்கும்போது பிளீச் ஊற்றினால் அதன் சக்தி அழுக்கிலேயே தீர்ந்துவிடும். அதோடு, எச்சத்தில் இருக்கும் அம்மோனியாவோடு பிளீச் சேர்ந்தால் மூச்சைத் திணறடிக்கும் வாயு வரும். முதலில் சுரண்டல், பிறகு கழுவல், அப்புறம்தான் கிருமிநாசினி. 5 சதவீத பிளீச் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர், பத்து நிமிடம் ஊறல், நல்ல தண்ணீரில் அலசி முழுதாகக் காயவைப்பது. கரைசலை அன்றன்றைக்குக் கலந்துகொள்ளுங்கள்; பழையது வீரியம் இழந்திருக்கும். கூட்டத்தை நெருக்கமாக வைத்திருந்தால் இந்தச் சாக்கில் இடம் விட்டுக் கொடுங்கள், இன்னொரு தண்ணீர்ப் பாத்திரமும் வையுங்கள். நெரிசலில் இருக்கும் பறவைக்குக் கிருமி அதிக அளவில் சேரும், எதிர்ப்புச் சக்தியும் குறையும்.

வேலை செய்யும் வரிசையையும் அன்றே மாற்றிவிடுங்கள். முதலில் குஞ்சுகள், அடுத்து நன்றாக இருக்கும் பெரியவை, கடைசியில் சீக்குப் பறவை. அதற்குப் பின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல், உடையையும் செருப்பையும் மாற்றாமல் திரும்பப் போகாதீர்கள். கூண்டுக்கென்று ஒரு ஜோடி செருப்பை ஒதுக்கி, அங்கேயே விட்டுவருவது சாதாரணக் காலத்திலும் நல்ல பழக்கம். சால்மொனெல்லா மனிதருக்கும் வரும், அதனால் கை கழுவுவது பறவைக்காக மட்டும் இல்லை.

மருந்தும் பரிசோதனையும்

வைரஸ் நோய்க்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. ஒட்டுண்ணிக்குத் தனி மருந்து. பாக்டீரியாவிலும் எல்லாவற்றுக்கும் ஒரே ஆன்டிபயாடிக் கிடையாது. "எதுக்கும் இதைக் கலந்து கொடு" என்று கைக்கு வரும் பொடியைத் தண்ணீரில் போட்டால், நோய் நிற்காமல் நாள் மட்டும் போகும்; கிருமிக்கு மருந்தைத் தாங்கும் பழக்கமும் வரும். தண்ணீரில் கலக்கும் மருந்தில் இன்னொரு இடைஞ்சல் உண்டு. நோய் முற்றிய பறவை தண்ணீரே குடிக்காது. மருந்து அதிகம் தேவைப்படும் பறவைக்குத்தான் குறைவாகப் போய்ச் சேரும். அப்படிப்பட்டதற்கு வாயில் தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கலாம். அளவை மருத்துவர் சொல்லட்டும். காடையின் எடை 150 முதல் 250 கிராம்தான், கோழிக்கான அளவைக் கண்மதிப்பில் குறைத்துக் கொடுப்பது பெரிய பிசகில் முடியும். மருந்து கொடுக்கும் நாட்களிலும், நிறுத்திய பின் மருத்துவர் சொல்லும் நாட்கள் வரையிலும் முட்டையையும் இறைச்சியையும் உண்ணக் கூடாது. வீட்டு வைத்தியத்தைப் பற்றியும் கேட்பார்கள். தொற்று பரவிக்கொண்டிருக்கும்போது அதில் செலவாகும் இரண்டு நாள், காடை போன்ற சின்னப் பறவைக்கு மிக நீண்ட காலம் என்பதே என் பதில்.

சரியான மருந்துக்குக் குறுக்குவழி, செத்த பறவையைப் பரிசோதனைக்குக் கொடுப்பதுதான். பலர் புதைத்துவிட்டு வந்து அடையாளத்தை வாயால் விவரிப்பார்கள். உடலை அறுத்துப் பார்த்தால் சில நிமிடத்தில் தெரியக்கூடியதை ஊகத்தால் கண்டுபிடிக்க வேண்டியதாகிவிடும். கையுறை போட்டு, சோப்புத் தண்ணீரில் உடலை நனையுங்கள். இறகுக்குள் சிக்கிய சூடு அப்போதுதான் சீக்கிரம் வெளியேறும். இரண்டு பிளாஸ்டிக் பைகளில் போட்டுக் கட்டி, பனிக்கட்டி வைத்த பெட்டியில் குளிர்ச்சியாக வைத்து, ஒரு நாளுக்குள் கால்நடை மருத்துவரிடமோ ஆய்வகத்திலோ சேர்த்துவிடுங்கள். உறையவைக்க வேண்டாம், உறைந்தால் திசு சிதைந்து பலவற்றைப் பார்க்க முடியாமல் போகும். பறவைக் காய்ச்சல் என்று சந்தேகம் இருந்தால் மட்டும் நீங்களாக எடுத்துக்கொண்டு போகாமல், முதலில் தகவல் சொல்லி அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள்.

பரிசோதனைக்குப் போகாத உடல்களை ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு, கிணற்றுக்கும் நீரோட்டத்துக்கும் தள்ளிப் புதைக்க வேண்டும். குப்பையிலோ வாய்க்காலிலோ வீசினால் நாயும் காகமும் நோயை ஊர் முழுக்கக் கொண்டுபோகும்.

சில முடிவுகள் கடினமானவை

நோயின் பெயர் தெரிந்த பிறகு சிலருக்கு மருத்துவர் சொல்லக்கூடியது, இந்தக் கூட்டத்தை வைத்திருக்க வேண்டாம் என்பது. கேட்க மனம் தாங்காது. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து வளர்த்தவர்களுக்கு அது வெறும் கணக்கு இல்லை. ஆனாலும் மைக்கோபிளாஸ்மா போன்ற, சுமந்துகொண்டே இருக்கும் நோய்களில் இதை நேராக யோசித்துப் பார்க்க வேண்டும். ஜப்பானியக் காடை முட்டை 17, 18 நாளில் பொரியும். ஆறேழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். சுத்தமான இடத்திலிருந்து முட்டை வாங்கி வைத்தால் இரண்டு மாதத்தைச் சற்றுத் தாண்டியதும் புதிய கூட்டம் முட்டை தரும். பழைய கூட்டத்தை வைத்துக்கொண்டால் ஒவ்வொரு குஞ்சுத் தொகுதியும் அதே நோய்க்குள் பிறக்கும். வெறும் செல்லப் பறவைகளாக, இனிமேல் பொரிக்காமல், யாருக்கும் கொடுக்காமல், புதிதாக எதையும் சேர்க்காமல் அவற்றின் காலம் முழுக்க வைத்திருக்க ஒருவர் தயாராக இருந்தால் அதுவும் நேர்மையான முடிவுதான். நடுவே நின்று இரண்டையும் செய்யப் பார்ப்பதுதான் நோயை வளர்க்கும். துன்பத்தில் கிடக்கும் பறவையை வலியில்லாமல் முடிப்பதை மருத்துவரிடம் விடுங்கள், அல்லது அவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள்.

பழைய கூண்டில் புதிய கூட்டத்தை விடுவதற்கு முன் மரச் சட்டங்களைப் பாருங்கள். துளைகள் உள்ள பழைய மரத்தை எவ்வளவு கழுவினாலும் சுத்தமாகாது, எரித்துவிடுவது நல்லது. கம்பியையும் பிளாஸ்டிக்கையும் கழுவி, வெயிலில் காயவைத்து, இரண்டு முதல் நான்கு வாரமாவது காலியாக விடுங்கள். அந்த நாட்களில் எலி வளைகளை அடைக்கலாம், குருவி நுழையாத சின்னக் கண் வலையாக மாற்றலாம், ஈ மொய்க்கும் எச்சக் குவியலைத் தூரத்துக்கு நகர்த்தலாம்.

இருக்கும் கூட்டத்தில் புதிய பறவைகளைச் சேர்ப்பதாக இருந்தால், 30 நாள் தனியே வையுங்கள். ராணிக்கெட் வெளிப்பட இரண்டு முதல் பதினைந்து நாள் ஆகலாம், மைக்கோபிளாஸ்மாவுக்கு மூன்று வாரம்கூட ஆகும். ஒரு வாரத் தனிமையில் இவை தப்பிவிடும் என்பதால்தான் இந்தக் கணக்கு. அந்த முப்பது நாளும் வேலை வரிசையில் புதியவை கடைசி. தனிமை முடியும் தறுவாயில், உங்கள் பழைய காடைகளில் ஒன்றிரண்டை எடுத்துப் புதியவற்றோடு விட்டுப் பாருங்கள். புதியவை அடையாளம் காட்டாமல் சுமக்கும் நோய் எதுவும் இருந்தால் பெரும்பாலும் அந்த ஒன்றிரண்டில் வெளிப்படும். இரண்டு வாரம் அவை நன்றாகத் தின்று, எடை குறையாமல், இரவில் மூச்சுச் சத்தம் இல்லாமல் இருந்தால் கூண்டுகளைச் சேர்த்துவிடலாம்.